கேம்ஸ் டிசைன் படிக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் சண்டை பெரும்பாலும் கேம்ஸைப் பற்றித்தான் வரும். திருவொற்றியூரில் எங்கள் பகுதிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கு நான் பதில் சொல்லி வருகிறேன். துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் பெற்றோர் சிலர், "டிகிரி முடித்துவிட்டான் சார், கேம்ஸ் டிசைனில் மேல்படிப்பு என்கிறான். அப்படி ஒரு படிப்பு உண்டா? சோறு போடுமா?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. லட்சக்கணக்கில் செலவாகக்கூடிய முடிவு என்பதால், முதலில் இந்தப் படிப்பு என்ன என்று தெரிந்து கொள்வோம்.

சூதாட்டம் அல்ல:

பலரின் பயம் ஆன்லைன் ரம்மி. அது பணம் கட்டி ஆடுவது. 2025ல் மத்திய அரசு கொண்டு வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் கேம்களைத் தடை செய்கிறது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளை அங்கீகரிக்கிறது. கேம் உருவாக்கும் படிப்புக்கும் சூதாட்டத்திற்கும் சம்பந்தமில்லை.

டிசைன், டெக்னாலஜி - என்ன வேறுபாடு?

நம் ஊர் உதாரணமே பார்ப்போம். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் மீன் பிடிக்கப் போவதுதான் கேம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கிளம்பும் முன் டீசலும் ஐஸும் ஏற்ற வேண்டும். ஐஸ் குறைந்தால் பிடித்த மீன் கெட்டுவிடும். அதிகமானால் மீன் வைக்க இடம் இருக்காது. டீசல் குறைந்தால் தூரம் போக முடியாது. அதிகமானால் கைக்காசு கரையும். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று ஆடுபவரை யோசிக்க வைப்பதுதான் டிசைன். ஜெயிக்க ஒரே ஒரு வழிதான் என்றால் இரண்டு முறை ஆடிவிட்டு மூடி விடுவார்கள். இதைச் சோதித்துப் பார்க்கக் கம்ப்யூட்டர் கூடத் தேவையில்லை. ஒரு தாள், கொஞ்சம் புளியங்கொட்டை, தாயக்கட்டை போதும். இத்துறையில் படிப்பவர்களும் முதலில் இப்படித் தாளில்தான் சோதிக்கிறார்கள்.

டெக்னாலஜி என்பது அந்தப் படகை அலையில் ஆட வைப்பது. கேம் சீராக ஓட நொடிக்கு 60 படங்கள் திரையில் தோன்ற வேண்டும் என்றால், ஒரு படத்திற்குக் கிடைப்பது சுமார் 16.6 மில்லி செகண்ட் தான். அதற்குள் நீங்கள் அழுத்திய கீயைப் படித்து, படகின் புதிய இடத்தைக் கணக்கிட்டு, படத்தை வரைந்து முடிக்க வேண்டும். இதற்கு ப்ரோகிராமிங்குடன் வெக்டர், மேட்ரிக்ஸ் கணக்கும் வேண்டும். பிளஸ் டூ கணக்கு புத்தகத்தைத் தூக்கிப் போட்டு விடாதீர்கள்.

எங்கே படிக்கலாம்?

இந்தியாவில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் என்ற எம்.டெஸ் படிப்பு உள்ளது. காலம் இரண்டரை ஆண்டுகள். இதற்கான நுழைவுத் தேர்வு இரு கட்டங்களாக நடக்கும். ஐ.ஐ.டி.க்கள் பலவற்றின் எம்.டெஸ் படிப்புகளுக்கு, மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் சி.இ.இ.டி. தேர்வு எழுத வேண்டும். ப்ரோகிராமிங் பக்கம் போக விரும்பும் பி.இ. பட்டதாரிகள் கேட் அல்லது அண்ணா பல்கலைக்கழகத்தின் சீட்டா-பிஜி தேர்வு எழுதி எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாம். அதில் கிராபிக்ஸ் சார்ந்த ப்ராஜெக்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

வெளிநாட்டில், டென்மார்க்கின் கோபன்ஹேகன் ஐ.டி. பல்கலைக்கழகம் கேம்ஸ் படிப்பை டிசைன், டெக்னாலஜி என இரு பிரிவாகவே நடத்துகிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்திலும் இரண்டும் இணைந்த மாஸ்டர்ஸ் படிப்பு உண்டு. இரண்டுமே இரண்டு ஆண்டுகள், ஆங்கில வழி. ஸ்வீடனில் 2011 முதல் ஐரோப்பாவிற்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். "ஐரோப்பாவில் படிப்பு இலவசம்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பி விடாதீர்கள்.

தமிழில் ஒரு வெற்றி:

2023ல் வெளியான 'வெண்பா' கேமை, கனடாவின் டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அழிந்து போன சமையல் குறிப்புகளைப் பார்த்து இட்லி, பிரியாணி செய்வதுதான் ஆட்டம். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்வு பெற்றது. துப்பாக்கி இல்லாமலும் கேம் ஜெயிக்கும் என்பதற்கு இது சாட்சி.

வேலை கிடைக்குமா?

ரேட்டை மறைக்காமல் சொல்கிறேன். இந்தியாவில் பெரிய ஸ்டுடியோக்கள் பெங்களூரு, ஐதராபாத், புனே நகரங்களில்தான் அதிகம். வீட்டை விட்டுப் போகத் தயாராக இருக்க வேண்டும். 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கின. ஆனால் இதே தொழில்நுட்பம் வேறு இடங்களிலும் பயன்படுகிறது. துறைமுகங்களில் கன்டெய்னர் கிரேன் இயக்குபவர்களுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டர்கள் இதற்கு நல்ல உதாரணம். கேம் நிறுவனத்தை மட்டும் நம்பாமல் இதையும் மனதில் வையுங்கள்.

பணம் கட்டும் முன்:

வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் ஸ்க்ராட்ச். இது இலவசம். கட்டங்களை இழுத்து ஒட்டியே ப்ரோகிராம் எழுதலாம். அடுத்து கோடாட் என்ற இலவச கேம் இஞ்சின். டவுன்லோட் செய்து விரித்தால் போதும், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர், ஒலிக்கு ஆடாசிட்டி. இவையும் இலவசமே.

மூன்று மாதத்தில் ஐந்து நிமிடம் ஆடக்கூடிய ஒரு சிறு கேமை முடிக்கச் சொல்லுங்கள். ஆரம்பித்தது கணக்கில்லை, முடித்ததுதான் கணக்கு. அதைப் பத்துப் பேரிடம் கொடுத்து ஆட விட்டு, வாய் திறக்காமல் அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். எங்கே குழம்புகிறார்கள் என்று குறித்துக் கொண்டு திருத்த வேண்டும். அந்தத் திருத்தும் வேலையில் அலுப்புத் தட்டினால் இந்தப் படிப்பு சரிப்படாது. ஆர்வம் கூடினால் தைரியமாக விண்ணப்பிக்கலாம்.

தனியார் நிறுவனத்தில் சேர்வதாக இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? சென்ற ஆண்டு மாணவர்கள் செய்த கேம்களைக் காட்ட முடியுமா? பாடம் நடத்துபவர் எந்த கேமில் வேலை செய்திருக்கிறார்? பதில் தெளிவாக வராவிட்டால் செக் புத்தகத்தை வெளியே எடுக்காதீர்கள்.