பகிர்வு நிரலகங்களின் இரும இணக்கச் சோதனை

பகிர்வு நிரலகம் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் செயற்கூறுகளைக் கொண்ட கோப்பு ஆகும். நிரல் தொடங்கும்போது அதற்குத் தேவையான நிரலகங்களைத் தேடி நினைவகத்தில் ஏற்றும் மென்பொருள் இயங்குநிலை இணைப்பி எனப்படும். நிரலகத்தின் பதிப்பு மாறிய பின்னரும், முன்பே தொகுக்கப்பட்ட நிரல் மீண்டும் தொகுக்கப்படாமல் சரியாக இயங்குமாயின் அவ்வியல்பு இரும இணக்கம் எனப்படுகிறது. இணைப்பி இதன் ஒரு பகுதியை மட்டுமே சோதிக்கிறது. குனூ சி நிரலகத்தைப் பயன்படுத்தும் லினக்சு இயக்குதளங்களில் இச்சோதனை பின்வருமாறு நடைபெறுகிறது.

சோதனையின் படிகள்

முதலில் கோப்பின் தலைப்பகுதி படிக்கப்படுகிறது. கோப்பு ஈஎல்எஃப் வடிவில் உள்ளதா, 32 பிட்டா 64 பிட்டா, எந்த வகைச் செயலிக்கு உரியது என்பன அதில் பதியப்பட்டிருக்கும். தேடும் வழியில் தவறான பிட்டு அளவுள்ள கோப்பு எதிர்ப்பட்டால், இணைப்பி அதை விடுத்துத் தேடலைத் தொடரும்.

அடுத்தது நிரலகத்தின் பெயர். 'லிப்சி.எஸ்ஓ.6' என்பதில் உள்ள 6 இணக்க எண் ஆகும். பழைய நிரல்கள் இயங்காத அளவுக்கு மாற்றம் செய்யப்படும்போது, நிரலகத்தை உருவாக்குவோர் இவ்வெண்ணை உயர்த்த வேண்டும்.

மூன்றாவது குறியீட்டுப் பதிப்பு. சொலாரிசு இயக்குதளத்தில் தோன்றிய இம்முறை 1999 இல் வெளியான ஜிலிப்சி 2.1 இல் சேர்க்கப்பட்டது. இதன்படி ஒவ்வொரு செயற்கூறும் ஒரு பதிப்புப் பெயரைத் தாங்கியிருக்கும். நிரல் கோரும் பதிப்பு நிரலகத்தில் இல்லையெனில் நிரல் தொடங்காது. 2021 இல் வெளியான ஜிலிப்சி 2.34 உடன் இணைக்கப்பட்ட நிரல்கள் பழைய கணினிகளில் 'ஜிலிப்சி_2.34 காணப்படவில்லை' என்ற பிழையுடன் நின்றுவிடுவது இதனாலேயே ஆகும். எனவே பரவலாக வழங்கப்படும் நிரல்களைப் பழைய இயக்குதளத்தில் தொகுப்பது வழக்கம்.

சோதனையின் எல்லை

செயற்கூற்றின் உள்ளீட்டு வகைகளையோ தரவமைப்புகளின் அளவையோ இணைப்பி ஒப்பிடுவதில்லை. ஒரு தரவமைப்பின் தொடக்கத்தில் 4 பைட்டு உறுப்பு ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டால், அடுத்த உறுப்புகள் இடம் பெயரும். பழைய நிரலோ முந்தைய இடத்திலேயே அவற்றைப் படிக்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. தவறான விடையோ திடீர் முறிவோ நேரும்.

செயற்கூற்றின் நடத்தை மாறினாலும் இதே நிலைதான். நினைவகப் பகுதிகளை நகலெடுக்கும் 'மெம்காப்பி' என்ற செயற்கூறு, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளுக்கு உரியதன்று. எனினும் சில நிரல்கள் அதனை அவ்வாறே பயன்படுத்தி வந்தன. நகலெடுக்கும் முறை விரைவுக்காக மாற்றப்பட்டபோது, 2010 இல் வெளியான பெடோரா 14 இல் ஃபிளாஷ் பிளேயரின் ஒலி சிதைந்தது. ஏற்றும்போது நடந்த சோதனைகள் எதிலும் இது அகப்படவில்லை. 2011 இல் வெளியான ஜிலிப்சி 2.14, மெம்காப்பிக்குப் புதிய பதிப்புப் பெயரை வழங்கியது. பழைய பெயரைக் கோரும் 64 பிட்டு நிரல்களுக்குப் படியும் பகுதிகளையும் சரியாகக் கையாளும் 'மெம்மூவ்' கிடைக்குமாறு செய்யப்பட்டது.

ஆகவே, பதிப்புப் பெயர் என்பது நிரலகத்தை உருவாக்குவோர் அளிக்கும் உறுதிமொழி ஆகும். உறுதிமொழி எழுதப்பட்டுள்ளதா என்பதை மட்டுமே இணைப்பி பார்க்கிறது; அது காக்கப்பட்டதா என்பதை நிரலகம் வெளியிடப்படும் முன்னரே சோதித்தறிய வேண்டும்.