எஞ்சினை மாற்றினால் போதுமா?

உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. குடும்பத்தோடு ஊர் சுற்ற மேல்நாட்டார் வைத்திருக்கும் வேன் இது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் 1979-ல் வெளியிட்ட மூன்றாம் தலைமுறை வேன்கள் பல இன்னும் ஓடுகின்றன. எஞ்சின் பின்பக்கம், தளத்துக்கு அடியில்.

பாரத்துக்கேற்ற பலம் இல்லை என்பது பழைய புகார். அமெரிக்காவில் விற்ற 2.1 லிட்டர் எஞ்சினுக்கு 95 குதிரைசக்திதான். ஆகவே பலர் அதைக் கழற்றிவிட்டு, ஜப்பானிய சுபாரு காரின் 2.2 லிட்டர் எஞ்சினைப் பொருத்துகிறார்கள். இதற்குச் சுமார் 130 குதிரைசக்தி. இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருப்பதால் இடம் பொருந்துகிறது.

சங்கடம் அடியில்தான். சுபாருவின் ஆயில் சம்ப் ஆழமானது. வேனில் அது தரையை நோக்கித் தொங்கும். மண் பாதையில் கல் இடித்தால் சம்ப் உடையும், எண்ணெய் கொட்டும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் இறுகிவிடும்.

மாற்றுவழி, உயரம் குறைந்த சம்ப். எண்ணெயின் அளவு குறையாதிருக்க அதைப் பக்கவாட்டில் அகலப்படுத்துகிறார்கள். எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இல்லையேல் புது எஞ்சினுக்கே ஆபத்து.

குதிரைசக்தியை விசாரிப்பவர்கள், வண்டிக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து அளந்து பார்ப்பது நல்லது.