மூவருக்கு ஒரு பயிற்றுநர்



கல்லூரியில் கணினி படிக்கும் நம் மார்க்கையன்கோட்டைப் பெண் பிள்ளைகள் சிலர், "தேர்வு எழுதிவிடுவோம், ஓர் இணையதளம் செய்யச் சொன்னால் கை ஓடாது" என்கிறார்கள். கைப்பட செய்யாமல் அது வராது.

2014இல் பெர்லினில் நடந்த ஐரோப்பிய பைத்தான் மாநாட்டில், போலந்தைச் சேர்ந்த ஓலா சிட்டார்ஸ்கா, ஓலா செண்டெக்கா என்ற இரு பெண்கள் 'ஜாங்கோ கேர்ள்ஸ்' பயிலரங்கைத் தொடங்கினார்கள். கட்டணம் இல்லை. முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவரவர் மடிக்கணினியில் ஒரே நாளில் சொந்தத் தளம் ஒன்றைச் செய்து இணையத்தில் ஏற்றுவதுதான் பாடம். (பைத்தான் இந்தியா மாநாடு 2019இல் சென்னைக்கே வந்தது.)

மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பது அங்கே கணக்கு. ஹிஃப்ழு மதரஸாவில் உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே சபக் கேட்பதைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. மென்பொருளை நிறுவுவதை முந்தின நாளே முடித்துவிட வேண்டும்; இல்லையேல் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

பிள்ளை திணறும்போது பயிற்றுநர் தானே தட்டிக் கொடுத்துவிடக் கூடாது. திரை நிறைய ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வந்ததும் பயந்துபோகிறவர்களே அதிகம். பைத்தானில் பிழை இன்னதென்பது பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும். அதை வாசிக்கச் சொல்லி, அவளே திருத்தும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

விடுமுறைக்கு ஊர் வரும் மென்பொருள் பணியாளர்கள், குறிப்பாகப் பெண்கள், அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். பதினைந்து பிள்ளைகளுக்கு ஐந்து பேர் வேண்டும். இடத்தையும் சாப்பாட்டையும் நாம் பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.