அடுத்தவர் தரமாட்டார் என்ற நினைப்பு

பூமி சூடாவதைத் தடுக்க மாதாமாதம் குடும்ப வருமானத்தில் 1 சதவீதம் தருவீர்களா? 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் கேட்ட கேள்வி இது. முடிவுகள் 2024-ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வந்தன. 69 சதவீதம் பேர் தருவோம் என்றார்கள். (வாய்வார்த்தைதான், யாரும் பணத்தை எடுத்து வைக்கவில்லை.)

எனக்கு சுவாரசியமாப் பட்டது அடுத்த கேள்விதான். உங்க நாட்டில் 100 பேரில் எத்தனை பேர் தருவார்கள்? சராசரி பதில், வெறும் 43!

'அவன் தரமாட்டான், நான் மட்டும் எதுக்கு?' என்று நான் நிற்கிறேன். அவனும் என்னைப் பற்றி அப்படியே நினைச்சுக்கிட்டு நிற்கிறான். மென்பொருளில் இதை டெட்லாக் என்போம். ஊரார் தருவார்கள் என்று நம்பியவர்கள்தான் தாங்களும் தர அதிகம் முன்வந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கு.