ஏதென்ஸ் நீதிமன்றத்தில் ஸுக்ராத்

கி.மு. 399ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகர நீதிமன்றத்தின் முன் எழுபது வயது முதியவர் ஒருவர் நிறுத்தப்பட்டார். தமிழில் சாக்ரடீஸ் என்றும் அரபு நூல்களில் ஸுக்ராத் என்றும் வழங்கப்பெறும் அப்பேரறிஞர், குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றம் ஏறியது அதுவே முதன்முறை. நகரம் போற்றும் தெய்வங்களை அவர் ஏற்கவில்லை. புதிய தெய்விகங்களைப் புகுத்துகிறார். இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பன குற்றச்சாட்டுகள். வழக்கைத் தொடுத்தவர் மெலிட்டஸ். துணைநின்றோர் அனிட்டஸ், லைகோன் ஆகிய இருவர்.

அதனை இன்றைய நீதிமன்றம் போல் எண்ணிவிடலாகாது. சட்டம் பயின்ற நீதிபதி அங்கில்லை. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 500 குடிமக்களே நடுவர்கள். இருதரப்பாரும் நீர்க்கடிகாரத்தின் அளவுக்குள் பேசி முடிக்க, நடுவர்கள் தம்முள் கலந்தாயாமல் அன்றே வாக்களிப்பர்.

வழக்கின் பின்னணியையும் மறத்தலாகாது. கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்ற ஏதென்ஸ், முப்பதின்மர் எனப்பட்ட கொடுங்கோலரின் ஆட்சிக்குள் சிக்கியது. அவர்களுள் முதன்மையான கிரிட்டியாஸ் ஒருகாலத்தில் ஸுக்ராத்தோடு பழகியவன். 403இல் மக்களாட்சி மீண்டபோது அறிவிக்கப்பட்ட பொது மன்னிப்பு, பழைய அரசியல் குற்றங்களைக் கிளறத் தடைவிதித்தது. ஆகவே அரசியல் பகையே சமயக் குற்றச்சாட்டின் போர்வையில் வந்தது என்பார் பலர். அதில் உண்மையுண்டு, எனினும் அது மட்டுமே காரணமென்று கொண்டால், அம்மன்றத்தில் அவர் பேசியவற்றுள் பெரும்பகுதி பொருளற்றுப் போகும்.

அவ்வுரையை அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிவைத்துள்ளார். விசாரணையின்போது அவர் அங்கிருந்தவர். எனினும் எழுதியது சொல்லுக்குச் சொல் பதிவன்று. அதில் ஸுக்ராத், மெலிட்டஸுக்கு விடையிறுக்கும் முன், ஆண்டாண்டாகப் பரவிய வதந்திக்கு விடையிறுக்கிறார். கி.மு. 423இல் அரிஸ்டோஃபனீஸ் அரங்கேற்றிய 'மேகங்கள்' என்னும் நகைச்சுவை நாடகம் அவரைப் பொய்வாதம் கற்பிப்பவராகக் காட்டியிருந்தது. டெல்ஃபிக் கோயிலின் அருள்வாக்கு தம்மினும் அறிவுடையார் இல்லை என்றதால், அதன் பொருளறிய அரசியலாரையும் கவிஞரையும் கைவினைஞரையும் வினவிச் சென்றதையும், அறியாததை அறிந்ததாக எண்ணாமையே தம்மிடமுள்ள சிறு வேறுபாடு எனக் கண்டதையும் விளக்குகிறார். வினவப்பட்டவர்கள் பகைவராயினர் என்பதில் வியப்பென்ன?

அடுத்து மெலிட்டஸை நேரே வினவுகிறார். இளைஞரைச் செம்மைப்படுத்துவோர் யாவர்? நகரத்தார் அனைவரும் என்கிறான் அவன். ஸுக்ராத் ஒருவரே கெடுப்பவராம். குதிரையைப் பழக்குவோர் சிலராகவும் கெடுப்போர் பலராகவும் இருக்க, மனிதரிடத்து மட்டும் இது தலைகீழாவது எங்ஙனம் என்று கேட்கிறார். பின்னர், தாம் எத்தெய்வத்தையுமே நம்பாதவரா என வினவ, ஆம் என்று கூறி மெலிட்டஸ் தானே அகப்பட்டுக்கொள்கிறான். புதிய தெய்விகங்களைப் புகுத்துபவர் தெய்வமே இல்லை என்பவராதல் இயலாதன்றோ!

வாதத்திறனில் இது வெற்றியே. ஆயினும் நகரத்தின் தெய்வங்களை, நகரத்தார் நம்பும் வகையிலேயே தாமும் நம்புவதாக அவர் ஓரிடத்தும் தெளிவுபடக் கூறவில்லை. மெலிட்டஸ் முரண்பட்டான் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அசல் குற்றச்சாட்டு விடையின்றி நின்றது. நடுவர்களுள் சிலரேனும் இதனைக் கவனித்திருப்பர்.

வினவுவதைக் கைவிட்டால் விடுவிப்பதாகக் கூறினும் தாம் உடன்படப்போவதில்லை என்றும், மனிதருக்குக் கீழ்ப்படிவதினும் இறைவனுக்குக் கீழ்ப்படிவதே தமக்கு முதன்மை என்றும் அவர் அறிவித்தார். இது வெறும் பேச்சன்று. அர்கினூசே கடற்போருக்குப் பின், கி.மு. 406இல், தளபதிகளை ஒருசேர விசாரிப்பது சட்டத்திற்கு மாறானது எனத் தனித்து எதிர்த்தவர் அவர்; சலாமிஸ் தீவின் லியோனைப் பிடித்துவருமாறு முப்பதின்மர் ஏவியபோது, பேசாது வீடு திரும்பியவரும் அவரே.

முப்பது வாக்குகள் மாறி விழுந்திருப்பின் விடுதலை பெற்றிருப்பார். தண்டனையைத் தாமே முன்மொழியும் முறை வந்தபோது, வெற்றிவீரர்க்கு அளிப்பது போன்று அரசுச் செலவில் உணவளிக்க வேண்டும் என்றார்! பின்னர், பிளேட்டோ முதலியோர் பொறுப்பேற்க, முப்பது மினா அபராதம் தருவதாக முன்மொழிந்தார். மரண தண்டனையே விதிக்கப்பட்டது. சிறையினின்றும் தப்புவிக்க நண்பர் கிரிட்டோ முன்வந்தபோது, நகரத்தின் சட்டங்களை மீறலாகாது என மறுத்து நஞ்சருந்தினார். மன்றத்தில் ஆணையை மீறுவேன் என்றவர், சிறையில் சட்டத்தை மீற மறுத்தது எங்ஙனம் பொருந்தும் என்னும் வினாவை அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். தீமை செய்யுமாறு ஏவும் ஆணை வேறு, தீமையைத் தாங்குமாறு விதிக்கும் தீர்ப்பு வேறு என அவர் பிரித்தறிந்தார் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இவ்வரலாறு அரபு மொழியிலும் வேரூன்றியது. ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-கிந்தி, ஸுக்ராத்தின் மரணம் குறித்துத் தனிநூல் இயற்றியதாக இப்னு நதீமின் 'ஃபிஹ்ரிஸ்த்' பட்டியலிடுகிறது. சிலை வணக்கத்தை எதிர்த்து உயிர்நீத்தவராகவே அரபு நூலோர் பலர் அவரைக் கண்டனர். பிளேட்டோவின் உரை அவ்வளவு தூரம் செல்லவில்லை. இமாம் கஸ்ஸாலியோ 'அல்முன்கித்' நூலில், இறைவனை ஏற்ற தத்துவ ஞானிகளுள் ஒருவராக அவரைக் குறிப்பிட்டும், அவ்வணியினரின் கொள்கையை ஏற்கவில்லை. மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸியின் வழி வேறு. மக்களோடு கலந்து பழகிப் பொருளீட்டுவதால் ஸுக்ராத்தின் நெறியினின்றும் வழுவினார் எனத் தம்மைக் குறைகூறியோருக்கு, 'அஸ்ஸீரத்துல் ஃபல்ஸஃபிய்யா' என்னும் சிறுநூலில் அவர் விடையளித்தார். ஸுக்ராத்தைத் தம் இமாம் என்றே அழைத்த ராஸி, அப்பெரியாரின் கடுந்துறவு தொடக்ககாலத்தது என்றும், பிற்காலத்தில் அவர் மக்களைப் பெற்றார், போர்க்களம் கண்டார் என்றும் எடுத்துக்காட்டினார்.