மோட்டார் கைவிட்டால் 50 சுற்று! பழைய குட்டி விமானத்தின் சக்கரத்தைக் காப்பாற்றும் கிரீஸும் கைப்பிடியும்

அணையில் தண்ணீர் இருக்கும் வருடங்களில், ஜூன் 12 அன்று முதல்வர் மின்விசையை அழுத்துவார். மேட்டூர் அணையின் மதகு ஷட்டர் மெல்ல மேலேறும். டெல்டாவுக்குக் காவிரி கிளம்பிவிடும். அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால், பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் மோட்டாரையும் பல்சக்கரத்தையும் யாரும் போட்டோ எடுப்பதில்லை.

கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான் சில பழைய குட்டி விமானங்களின் வயிற்றிலும் இருக்கிறது. அங்கே மோட்டார் ஏற்றி இறக்குவது ஷட்டரை அல்ல, சக்கரங்களை.

மேட்டூரிலிருந்து ஓமலூர் பக்கம் போனால் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். அங்கே விமானப் பயிற்சியும் நடக்கிறது. பயிற்சிக்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படும் செஸ்னா 172 ரகத்தில் பெரும்பாலும் சக்கரம் மடங்காது. வானத்திலும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டேதான் பறக்கும். காற்று அதில் மோதி வேகத்தைக் குறைக்கும். அந்த இழுவையைத் தவிர்க்கத்தான் மடங்கும் சக்கரம் வந்தது. 1947-ல் விற்பனைக்கு வந்த அமெரிக்காவின் பீச்கிராஃப்ட் பொனான்ஸா இந்த ரகத்தில் பிரபலம். அதன் பழைய விமானங்கள் பல இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன.

2024 அக்டோபர் 11-ம் தேதி மாலையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. திருச்சியிலிருந்து 141 பேருடன் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கியது. பெரிய விமானங்களில் சக்கரத்தை மடக்குவது எண்ணெய் அழுத்தம். பொனான்ஸாவில் அந்த வேலையைச் செய்வது ஒரே ஒரு மின்மோட்டார். அது ஒரு கியர்பாக்ஸைச் சுற்றும். கியர்பாக்ஸிலிருந்து கிளம்பும் இரும்புத் தண்டுகள் மூன்று சக்கரங்களையும் தள்ளும், இழுக்கும். அவ்வளவுதான்!

மோட்டார் நின்றுவிட்டால்? முன் சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி இருக்கிறது. முதலில் மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு கைப்பிடியைக் கிணற்று ராட்டினம் போல இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும், சுமார் 50 சுற்று. சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். இணைப்பைத் துண்டிக்க மறந்து, கைப்பிடி மாட்டியிருக்கும்போது மோட்டார் ஓடிவிட்டால் உள்ளே பல் உடையலாம்.

'அதான் கைப்பிடி இருக்கே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கைப்பிடி சுற்றுவதும் அதே கியர்பாக்ஸைத்தான். மோட்டார் எரிந்துபோனால் கைப்பிடி காப்பாற்றும். கியர்பாக்ஸே உடைந்துபோனால் கையும் உதவாது, கரன்ட்டும் உதவாது. அதனால் பழைய விமானத்தில் பராமரிப்பு என்பது முக்கியமாக இந்த கியர்பாக்ஸைக் காப்பாற்றும் வேலை.

அதற்கு முதல் எதிரி, சரியாக அமைக்கப்படாத லிமிட் சுவிட்ச். சக்கரம் முழுதாக மடங்கியதும் மோட்டாரை நிறுத்துவது இந்தச் சின்ன சுவிட்ச்தான். அது ஒரு நொடி தாமதித்தாலும் தண்டுகள் போக இடமில்லாமல் முட்டும். மோட்டார் விடாமல் தள்ளும். ஒரே நாளில் எதுவும் உடையாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் மொத்தமாகக் கைவிரிக்கும். மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க விமானத்தை ஜாக்கி போட்டுத் தரையிலிருந்து தூக்கி, சக்கரத்தைப் பலமுறை மடக்கி விரித்துப் பார்க்கிறார்கள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 24 வோல்ட் பேட்டரியை மட்டும் நம்பிச் சோதித்தால் மோட்டார் சோம்பலாகச் சுற்றும். எல்லாம் சரியாக நிற்பது போலவே தெரியும். வானத்தில் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் கொடுக்கும்போது அதே மோட்டார் வேகமெடுத்து எல்லை தாண்டிவிடும். எனவே, தரையிலும் வெளியிலிருந்து அந்த அளவு மின்சாரம் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

மற்றதெல்லாம் நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர்களுக்கு அத்துப்படியான வேலைதான். மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா, மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கிரீஸில் ஒட்டிய மண்ணைத் துடைத்த பிறகே புதிய கிரீஸ் வைக்க வேண்டும். ஒத்துப்போகாத இரண்டு வகை கிரீஸ் கலந்தால் சில சமயம் கெட்டியாகிவிடும். லாரியில் சத்தம் வந்தால் ஓரங்கட்டலாம், வானத்தில் ஓரம் ஏது?

வயதாகும் பாகம் இரும்பு மட்டுமல்ல. பைப்பர் கோமான்சி என்ற இன்னொரு பழைய விமானத்திலும் மின்மோட்டார் சக்கரம்தான். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொள்ள அதில் ரப்பர் வடங்கள் துணை செய்கின்றன. பறக்காமல் நிழலில் நிறுத்தி வைத்தாலும் ரப்பர் தளர்ந்துபோகும். அதனால்தான் 3 வருடம் அல்லது 500 மணி நேரப் பறப்பு, இதில் எது முதலில் வந்தாலும் வடங்களை மாற்றியே ஆக வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டிருக்கிறது. 1000 மணி நேரத்துக்கு ஒருமுறை சக்கர அமைப்பையே கழற்றிப் பார்க்கவும் வேண்டும். இந்த விமானத்தின் கதையை முடித்தது ஒரு வெள்ளம். 1972-ல் ஆக்னஸ் புயல் வெள்ளம் பென்சில்வேனியாவில் இருந்த பைப்பர் தொழிற்சாலைக்குள் புகுந்தது. கோமான்சி உற்பத்தி அத்தோடு நின்றுபோனது. தயாரிப்பு நின்ற விமானத்துக்கு உதிரிப்பாகம் தேடுவதே உரிமையாளர்களுக்குப் பெரிய வேலை.

இவ்வளவு பார்த்தும் விமானம் வயிற்றால் தரையிறங்கும் சம்பவங்கள் நடக்கின்றன. அவற்றில் பல, சக்கரத்தை இறக்க விமானி மறந்துபோனதால் நடந்தவை! சக்கரம் மேலே இருக்கும்போது எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் அலறும் ஹாரன் இதற்காகவே இருக்கிறது. அந்த ஹாரன் வேலை செய்கிறதா என்பதும் சோதனைப் பட்டியலில் ஒன்று.

நம் ஊரில் இந்த வேலைக்கு வர விரும்பும் மாணவர்கள், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்துவிட்டு விமானப் பராமரிப்புப் பொறியாளர் பயிற்சியில் சேரலாம். உரிமம் தருவது டி.ஜி.சி.ஏ. பிஸ்டன் எஞ்சின் கொண்ட குட்டி விமானங்களுக்கு பி1.2 என்று தனிப் பிரிவே இருக்கிறது.

ஜாக்கியில் நிற்கும் விமானத்தில் அந்தக் கைப்பிடியையும் சுற்றிப் பார்ப்பார்கள். பாதியில் இறுகினாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டியதுதான். எல்லாம் சரியாக இருந்தால் கைப்பிடியை விடுவித்து, பழையபடி மடக்கி வைத்துவிட்ட பிறகே மோட்டாருக்கு மறுபடி கரன்ட் கொடுப்பார்கள்.