முக்காலியும் சுமைதூக்கி வண்டியும்

நாராயணவனத்துக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேடு வட்டாரத்தில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் அமைந்துள்ளது. உழவையும் நெசவையும் நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஆலைகளிலும் சரக்குக் கிடங்குகளிலும் பணி தேடுகின்றனர். 50 கிலோ மூட்டைகள் நாற்பதை ஒரே முறையில் தூக்கும் ‘போர்க்லிப்ட்’ வண்டியை அவர்கள் அங்கே காண்பர். தொழிலாளியின் முதுகைக் காக்கும் இவ்வண்டி, அதன் இயல்பை அறியாதார்க்கு உயிர்ச்சேதமும் விளைவிக்கும்.

இவ்வண்டி ஒரு நெம்புகோலாகும். முன்சக்கரங்களே அதன் தானம். முன்னே சுமை, பின்னே ஈடுசெய்யும் எடை. 2,000 கிலோ தூக்கும் வண்டியொன்றில் சுமையின் மையம் முன் அச்சிலிருந்து 90 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். நீண்ட பெட்டி காரணமாக அம்மையம் 110 செ.மீ.க்குத் தள்ளிப்போனால், அது தாங்கும் சுமை ஏறக்குறைய 1,636 கிலோவாகக் குறைந்துவிடும். எனவே, எடையை மட்டுமன்றி, வண்டியின் தகட்டில் பொறித்துள்ள சுமைமையத் தொலைவையும் நோக்குதல் வேண்டும்.

சக்கரங்கள் நான்காயினும், இவ்வண்டி முக்காலியைப் போன்றே நிற்கிறது. இரு முன்சக்கரங்களும், பின் அச்சு அசையும் நடுப்புள்ளியுமே அதன் மூன்று கால்கள். இம்முக்கோணத்துக்கு வெளியே ஈர்ப்பு மையம் சென்றால் வண்டி கவிழும். சுமையை உயர்த்தியபடி திரும்புதல் இதனாலேயே ஆபத்தானது. வெறும் வண்டியில் அம்மையம் முக்கோணத்தின் குறுகிய பின்பகுதியில் இருப்பதால், விரைந்து திரும்பினால் அதுவும் எளிதில் சாயும்.

வண்டி சாயும்போது வெளியே குதிப்பதே பலரின் முதல் எண்ணம். ஆனால் குதிப்பவர் மீது தலைக்காப்புச் சட்டம் விழுந்து நசுக்கக்கூடும். ஆகையால், அமர்ந்து ஓட்டும் வண்டியில் இருக்கைப் பட்டையை எப்போதும் அணிதல் வேண்டும். கவிழும்போது சுக்கானை இறுகப் பற்றி, கால்களை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்புறம் உடலைச் சாய்த்தல் வேண்டும்.

அருகில் நடப்போர்க்கும் எச்சரிக்கை தேவை. பின்சக்கரங்களே திரும்புவதால், வண்டியின் பின்புறம் வெளியே வீசித் திரும்பும். தூக்கிய கரங்களின் கீழ் எவரும் நிற்றலாகாது. கரங்களின்மேல் எவரையும் ஏற்றலாகாது. சரிவான பாதையில் சுமை எப்போதும் மேட்டுப்புறம் இருத்தல் வேண்டும்.

அமெரிக்காவில் 1999 முதல் பயிற்சியும், மூன்றாண்டுக்கொருமுறை திறன் சோதனையும் கட்டாயமாயின. நம் ஆசிரியர்கள் இதற்கான முதற்பாடத்தை வகுப்பறையிலேயே கற்பிக்கலாம். முக்காலியின் இரு கால்களுக்கு இடைப்பட்ட விளிம்பை அழுத்திக் காட்டினால் போதும். அது ஏன் கவிழ்ந்தது என்று கேட்கும் மாணவன், நாளை கிடங்கில் தன்னையும் தோழரையும் காத்துக்கொள்வான்.